நிமலினியின் கலியாணப் படங்களில் விழுந்த புள்ளிகள் சம்பந்தமாக

மானிப்பாய்,
நவம்பர், வெள்ளிக்கிழமை காலை.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் செபநாயகம் அவர்களுக்கு,

உமது தங்கையின் கணவன் தேவராஜா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் மார்கிரட்டும் நலம். மழை தொடங்கிய நாள்முதல் எனக்கு முழங்காலும் அவவுக்கு வாயும் வழமையிலும் கூடுதலாக வேலை செய்கின்றன என்பதைத் தவிர வேறு குறை இல்லை. அங்கு உமது சுகத்தையும், வெள்ளத்துக்குத் தப்பியிருந்தால் உமது கத்தரிக் கன்றுகளின் சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறோம்.

மானிப்பாயிலிருந்து சண்டிலிப்பாய்க்கு ஒருவன் கடிதம் எழுதுவதை நீர் விசித்திரமாகக் கருதக்கூடும். சைக்கிளில் வந்தால் வியர்க்கும் முன்னரே வந்து சேருகிற தூரம். அப்படி வந்தும் பார்த்தேன். உமது வாசல் படலை உட்பக்கமாகக் கொழுவியிருந்தது. நாய் மட்டும் வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ரெலிபோன் எடுத்தால் அது அடித்து அடித்துத் தானாகவே ஓய்ந்துபோகிறது. ஓய்வுபெற்ற அஞ்சல் அதிபர் என்ற முறையில் எனக்குத் தெரிந்த கடைசி வழி கடிதந்தான். நான் கதைக்கும்போது நீர் பாதியில் எழும்பிப் போகமுடியாத சாதனமும் அது ஒன்றுதான். எழும்பிப் போனாலும் வந்து மிச்சத்தை வாசிக்கவேண்டிவரும்.

விஷயம் உமது மகள் நிமலினியின் கலியாணப் படங்கள் சம்பந்தமானது. உமக்கு அந்தக் கலியாணத்தில் விருப்பமில்லை என்பதை நான் அறிவேன். பிரவீணன் நல்ல பெடியன், மயிலிட்டித் துறைமுகத்தில் படகு இயந்திரம் திருத்துகிறவன், குடியில்லை என்றெல்லாம் நாங்கள் சொன்னதற்கு, வல்வெட்டித்துறையில் கடலோடுகிற சைவக் குடும்பத்தில் சம்பந்தம் செய்ய உம்மால் முடியாது என்றும், நீர் வரமாட்டீர் என்றும், உம்மை ஒருத்தரும் எதிர்பார்க்கவேண்டாம் என்றும் அறிவித்தீர். உமது மனைவி ரஞ்சினி அக்கா உயிரோடு இருந்திருந்தால் உமக்கு இப்படியொரு அறிவித்தல் செய்யத் துணிவு வந்திராது. அது போகட்டும். நான் இப்போது எழுதுவது அந்தப் பழைய வழக்கைப் பற்றியல்ல, படங்களைப் பற்றி.

முதலில் கமரா. என் மகன் ஜஸ்ரின் கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து, திரும்பும்போது பாரம் கூடிவிட்டதென்று விட்டுப்போனது. அது அலுமாரிக்குள் என்னுடைய வேட்டிகளுக்கு நடுவே சொகுசாகத்தான் இருந்தது. பிள்ளை எங்கள் வீட்டிலிருந்துதான் வெளிக்கிடப்போகிறாள் என்று முடிவானபோது மார்கிரட் ஒரு படப்பிடிப்பாளரை ஒழுங்கு செய்யச் சொன்னா. நான், "வீட்டிலை கமரா இருக்கேக்கை வெளியிலை ஏன் ஆள்?" எண்டு கேட்டன். பிறகு நடந்ததெல்லாம் இந்த ஒரு வசனத்தின்ரை பிள்ளை குட்டியள்தான். நான் ஒண்டும் ஆயத்தமில்லாமல் இறங்கேல்லை, மச்சான். பக்கத்து வளவுப் பலாமரத்தை மத்தியான வெயிலிலை நிண்டு எடுத்துப் பழகினனான். ஒவ்வொரு பலாக்காயின்ரை முள்ளும் எண்ணக்கூடியமாதிரி விழுந்தது. பலாமரம் அசையாது, வெயில் தட்டுப்பாடில்லை எண்ட ரெண்டு விஷயத்தையும் நான் அப்ப கணக்கிலை எடுக்கேல்லை.

கலியாணத்தண்டு காலமை வல்வெட்டித்துறைக் கோயிலிலை தாலி கட்டு. அங்கை எல்லாம் வெளிச்சமா, ஒழுங்கா நடந்தது. ஆனால் அங்கை நான் படம் எடுக்கேல்லை, ஏனெண்டால் கமராவின்ரை பற்றறியைப் பின்னேரத்துக்கெண்டு பத்திரப்படுத்தினனான். பின்னேரம் எங்கடை தேவாலயத்திலை மோதிரம் மாத்தி ஆசீர்வாத ஆராதனை. நாங்கள் வெளிக்கிடேக்கை பிடிச்ச மழை, தேவாலய வாசலுக்குப் போகேக்கை பேய் மழையாப்போச்சு. வேப்பங்கொப்பு ஒண்டு முறிஞ்சு வயருக்கு மேலை விழுந்து கரண்டும் போட்டுது. ஆரோ ஓடிப்போய் ஒரு ஜெனரேற்றர் கொண்டுவந்து யன்னலுக்குக் கீழை வைச்சு இழுத்தினம். வெளிச்சம் வந்ததுதான், ஆனால் அது போட்ட சத்தத்திலை போதகர் ஐயா "இவரை உன் கணவனாக" எண்டு கேட்க, பிள்ளை "என்ன?" எண்டு திருப்பிக் கேட்டாள். சபையிலை சிரிப்புக் கிளம்பிப்போட்டுது. போதகர் ஐயா புத்தகத்தை மூடிக்கொண்டு, அதை நிப்பாட்டச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு மெழுகுதிரியளைக் கொளுத்திச்சினம். பலிபீடத்தடியிலை கொஞ்சம், வாங்குகளின்ரை ஓரத்திலை கொஞ்சம். பாக்க நல்ல வடிவு. கண்ணுக்கு வடிவா இருக்கிறது கமராவுக்குக் கண்ணே தெரியாத இருட்டு எண்டு எனக்கு ஆர் சொல்லித் தந்தது?

நான் ஒரு படம் பிளாஷோடை எடுத்தன். போதகர் ஐயா என்னைப் பாத்து, "தேவராஜா அண்ணை, இது ஆராதனை. வெளியிலை அடிக்கிற மின்னலே காணும்" எண்டார். அதோடை பிளாஷும் போச்சு. அப்பதான் ஜஸ்ரின் முந்திச் சொன்னது ஞாபகம் வந்தது. கமராவிலை ஐ.எஸ்.ஓ எண்டு ஒரு எண் இருக்கு, இருட்டெண்டால் அதைக் கூட்டவேணும். எவ்வளவு கூட்டவேணும் எண்டு அவன் சொன்னது ஞாபகம் வரேல்லை. கூட்டுறது நல்லதெண்டால் நல்லாக் கூட்டுறது இன்னும் நல்லதெல்லே எண்டு நினைச்சு, அது போகக்கூடிய கடைசி எண் மட்டும் தள்ளிவிட்டன். சின்ன ஸ்கிரீனிலை பாக்க எல்லாம் பகல் மாதிரித் தெரிஞ்சுது. நான் பிரசங்க மேடைக்குப் பக்கத்திலை நிண்டு, மார்கிரட் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறதை எடுத்தன். அந்தக் கையை ஆர் பிடிச்சிருக்கவேணும் எண்டதை நான் இஞ்சை எழுதேல்லை. கடிதம் நீண்டுபோகும்.

வீட்டை வந்து படங்களைக் கொம்பியூட்டரிலை போட்டுப் பாத்தால், பிள்ளை ரவைச் சாக்குக்குள்ளாலை எட்டிப் பாக்கிறமாதிரி நிக்கிறாள். முகம், கூறை, மாலை, சுவர், எல்லாத்திலையும் புள்ளி. வெறும் புள்ளியெண்டாலும் பரவாயில்லை, சிவப்பும் பச்சையும் நீலமுமாக் கலர் கலரா. பிரவீணன் போட்டிருந்தது கறுப்புக் கோட்டு. படத்திலை அது கோழித்தீன் கொட்டின பாய் மாதிரிக் கிடக்கு. நான் உடனை எல்லாத்தையும் ஜஸ்ரினுக்கு அனுப்பிவிட்டன். அவன் ரெலிபோன் எடுத்தான்.

"அப்பா, சரியான நொய்ஸ்" எண்டான்.

"அது ஜெனரேற்றர். போதகர் நிப்பாட்டிப்போட்டார். நான் எடுக்கேக்கை ஒரு சத்தமும் இல்லை."

"சத்தமில்லை அப்பா. படத்திலை நொய்ஸ்."

"படத்திலை என்னண்டு தம்பி சத்தம் கேக்கும்?"

குசினிக்குள்ளை நிண்ட உம்மடை தங்கச்சி, "இவருக்குக் காது பிழைச்சது காணாதெண்டு இப்ப படத்துக்கும் பிழைச்சுப்போச்சோ" எண்டா. அவனும் சிரிச்சுப்போட்டுப் பிறகு விளங்கப்படுத்தினான். வெளிச்சம் காணாட்டில் கமரா கிடைச்ச துளி வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுமாம். பெருக்கேக்கை படத்தோடை சேத்துக் குப்பையையும் பெருக்குமாம். பழைய ரேடியோவிலை தூரத்து ஸ்ரேஷனைப் பிடிச்சுச் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடை இரைச்சலும் கூடுமெல்லே, அந்த இரைச்சல்தான் படத்திலை புள்ளியா விழுறதாம். "அப்ப ஏன் கூட்டச் சொன்னனீ?" எண்டு கேட்டன். "கூட்டச் சொன்னனான், குதிச்சு ஏறச் சொல்லேல்லை" எண்டான். தகப்பனோடை கதைக்கிற கதையைப் பாத்தீரே.

அடுத்த நாள் பிள்ளையும் பிரவீணனும், அவன்ரை தாய் நாகேஸ்வரியும் படம் பாக்க வந்தினம். நாகேஸ்வரி அம்மா மனதிலை பட்டதை வாயிலை வைச்சிருக்கிற மனிசி இல்லை. ஒவ்வொரு படமாப் பாத்துக்கொண்டு வந்து, "என்ன அண்ணை, என்ரை மருமகளுக்கு அம்மாள் வருத்தம் வந்து கொப்புளம் போட்டமாதிரிக் கிடக்கு" எண்டா. நிமலினி தன்ரை முகம் தெரியிற படம் ஒண்டு கிடைக்குமோ எண்டு கடைசி மட்டும் தேடினாள். பிறகு, "பரவாயில்லை மாமா" எண்டாள். எனக்கு அவள் ஏசிப் பேசியிருந்தால் சுகமா இருந்திருக்கும். போகேக்கை மட்டும் வாசலிலை நிண்டு, மற்றவைக்குக் கேக்காமல் சொன்னாள்: "அப்பாவுக்கு அனுப்ப ஒரு படம் வேணும் மாமா. ஒண்டு காணும். அவர் வரேல்லை, படத்தையாவது பாக்கட்டும்."

மச்சான், அதுக்குப் பிறகு எனக்கு நித்திரையிலையும் புள்ளிதான். அதை எப்பிடியாவது போக்காட்டுறதெண்டு வெளிக்கிட்டுப் பிரகாஸிட்டைப் போனன். எங்கடை சந்தியிலை ஸ்ரூடியோ வைச்சிருக்கிற பெடியன், உமக்கும் ஓய்வூதிய அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவன். அவன் பாத்திட்டு, "உது சின்ன விஷயம் ஐயா" எண்டு சொல்லி, கொம்பியூட்டரிலை ஒரு கோட்டைக் காட்டி, அதிலை இருந்த குண்டுமணி மாதிரியான ஒண்டைப் பிடிச்சு இந்தக் கரையிலை இருந்து அந்தக் கரைக்கு இழுத்தான். புள்ளியெல்லாம் மாயமாப் போச்சு. நான் அவன்ரை முதுகிலை தட்டிக்குடுத்து, எல்லாத்தையும் அப்பிடியே செய்து பிறின்ற் போடச் சொல்லிப்போட்டு வந்திட்டன். எனக்கு அண்டைக்கு இருந்த சந்தோஷத்திலை முழங்கால் நோவும் தெரியேல்லை.

பிறின்ற் வந்த பிறகுதான் கவனிச்சம். புள்ளியோடை சேந்து மிச்சமும் போட்டுது. முகமெல்லாம் பாவிச்ச சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவெண்டு இருக்கு. பிரவீணன்ரை மீசை கண்மை இழுவுண்டமாதிரி. பின்சுவரிலை எழுதியிருக்கிற வேத வசனம் இல்லை, வெறும் வெள்ளைச் சுவர். உமது தங்கைக்கு மட்டும் முகத்திலை ஒரு சுருக்கமும் இல்லை. அந்த ஒரு படத்தை அவ ஒரு கதையும் இல்லாமல் எடுத்துத் தன்ரை பைபிளுக்குள்ளை வைச்சிட்டா. இண்டைக்கும் அங்கைதான் இருக்கு. நாகேஸ்வரி அம்மா தன்ரை படத்தைக் கையிலை எடுத்து, "இதார்?" எண்டு கேட்டா.

"நீங்கள்தான்" எண்டன்.

"என்ரை சீலையைக் கட்டிக்கொண்டு ஆரோ கொழும்புப் பெட்டை நிக்கிறாள்" எண்டா. பிறகு மோதிரம் மாத்துற படத்தை எடுத்து வெளிச்சத்திலை பிடிச்சு, "மோதிரம் எங்கை அண்ணை?"

உண்மையா மோதிரம் இல்லை. பிள்ளையின்ரை விரல் வெறும் விரலா இருக்கு. மெல்லிய வளையம் எண்டபடியால் மெசின் அதையும் புள்ளியெண்டு நினைச்சு அழிச்சுப்போட்டுது எண்டு விளங்கப்படுத்தினன். அந்த மனிசி படத்தை மேசையிலை போட்டிட்டு, "கலியாணம் நடந்ததோ இல்லையோ எண்டதை இப்ப மெசினே தீர்மானிக்கிறது?" எண்டு கேட்டா.  பிரவீணன்தான் தாயை, "விடுங்கோ அம்மா, மாமா தெரியாமல்தானே செய்தவர்" எண்டு அமத்தினான். உம்மடை மருமகன் நல்ல பெடியன் எண்டு நான் முந்தியும் எழுதினனான், இப்பவும் எழுதுறன்.

இதையெல்லாம் நான் ஜஸ்ரினுக்குச் சொல்லேக்கை அவன், "அப்பா, கமராவை அசைக்காமல், ஒரே இடத்திலை இருந்து அடுத்தடுத்து எடுத்த படம் ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டான். இருந்தது. அது என்ரை கெட்டித்தனமில்லை. கடைசிச் செபத்தின்ரை நேரம் எனக்குக் கை உளைஞ்சபடியால் கமராவைப் பாட்டுப் புத்தக அடுக்குக்கு மேலை வைச்சிருந்தனான். பிள்ளையும் பெடியனும் முழங்காலிலை நிண்டு கண்ணை மூடியிருந்தினம். நானும் செபத்துக்குக் கண்ணை மூடினன். விரல் பொத்தானிலை இருந்ததை மறந்துபோனன். போதகர் ஐயா ஆமென் சொல்லுமட்டும் கமரா டக் டக்கெண்டு எடுத்துத் தள்ளியிருக்கு. எல்லாம் ஒரே படம், எல்லாத்திலையும் புள்ளி. நான் அதுகளை அழிக்கத்தான் இருந்தனான், எப்பிடி அழிக்கிறதெண்டு தெரியாததாலை தப்பிச்சுது.

ஜஸ்ரினுக்கு அதைக் கேட்டவுடனை குரலே மாறிப்போச்சு. அவன் சொன்னதை நீர் கவனமா வாசிக்கவேணும், மச்சான், ஏனெண்டால் உம்மடை வழக்கு இதிலைதான் இருக்கு. இந்தப் புள்ளியள் ஒரு படத்திலை விழுந்த இடத்திலை அடுத்த படத்திலை விழாதாம். அதுகளுக்கு ஒரு நிலை இல்லை. உண்மையா அங்கை இருந்த சாமான் மட்டும் எல்லாப் படத்திலையும் அதே இடத்திலை இருக்கும். ஆனபடியால் எல்லாத்தையும் ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கிச் சராசரி பாத்தால் புள்ளி ஒண்டையொண்டு அடிச்சு அழிஞ்சுபோகும், உண்மை நிக்கும். எனக்கு இதைக் கேக்க ஒரு பிரசங்கம் கேட்டமாதிரி இருந்தது. அவன் தன்ரை கொம்பியூட்டரிலை அப்பிடிச் செய்து திருப்பி அனுப்பினான்.

அந்தப் படத்தை நீர் பாக்கவேணும். பாக்கத்தான் போறீர், ஆனாலும் சொல்லுறன். மெழுகுதிரி வெளிச்சம் வெளிச்சமாவே இருக்கு. கூறையின்ரை கரை ஒவ்வொரு இழையாத் தெரியுது. பிள்ளையின்ரை விரலிலை மோதிரம் இருக்கு. கன்னத்திலை கண்ணீர்த் துளி ஒண்டு ஓடி நிக்கிறதுகூட இருக்கு. அது புள்ளியில்லை எண்டு நான் ஜஸ்ரினைக் கேட்டு உறுதிப்படுத்தினனான். வாங்கிலை இருந்த சனம் செபத்துக்கு ஆடி அசைஞ்சதிலை கொஞ்சம் கலங்கின மாதிரி, அது ஒண்டும் பிழையில்லை. நாங்கள் எல்லாரும் கொம்பியூட்டரைச் சுத்தி நிண்டு பாத்துக்கொண்டிருந்தம். நாகேஸ்வரி அம்மாவும் குறை சொல்ல ஒண்டும் அகப்படாமல் தேடிக்கொண்டு நிண்டா. அப்ப பிரவீணன், "மாமா, பின்கதவடியிலை ஆர்?" எண்டு கேட்டான்.

நாங்கள் குனிஞ்சு பாத்தம். வாங்கெல்லாம் முடிஞ்சு, தேவாலயத்தின்ரை பின்கதவு இருக்கிற இருட்டிலை, தொப்பி போட்டுக்கொண்டு, நீளக் கறுப்புக் கோட்டோடை ஒரு உருவம். தனிப் படங்களிலை அந்த இடம் முழுக்கப் புள்ளிதான், ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கியிராது. அடுக்கின படத்திலை ஆள் வடிவா நிக்குது. பிரவீணன் அந்த இடத்தைப் பெரிசாக்கினான்.  நிமலினி முன்னுக்கு வந்து மேசையிலை கையை ஊண்டிக்கொண்டு கன நேரம் பாத்தாள்.

"அப்பா" எண்டாள்.

மார்கிரட் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு, "தோளைப் பாருங்கோ, ஒரு பக்கம் சரிவு. எங்களைப் பெத்த ஐயாவுக்கும் உப்பிடித்தான், அண்ணைக்கும் உப்பிடித்தான்" எண்டா. தொப்பியும் நீர் தோட்டத்துக்குப் போடுற தொப்பியின்ரை வாட்டந்தான். நாகேஸ்வரி அம்மா, "அந்த மழைக்குள்ளை சம்பந்தி வந்து நிண்டவரே" எண்டு சொல்லி, முந்தானையாலை கண்ணைத் துடைச்சா. "சாப்பிடாமல் போட்டார், அதுதான் மனவருத்தம்."

நான் உடனை உமக்கு ரெலிபோன் எடுக்கப்போனன். நிமலினி என்ரை கையைப் பிடிச்சாள். "வேண்டாம் மாமா. கேட்டால் இல்லை எண்டுதான் சொல்லுவார். அவர் வந்தது எனக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரிஞ்சால் காணும். ஒருத்தரும் ஒண்டும் கேக்காதேங்கோ." பிறகு அவள் பிரவீணன்ரை தோளிலை முகத்தை வைச்சு அழுதாள். கலியாணத்தண்டு நான் எடுத்த அவ்வளவு படத்திலையும் அவளுக்கு இவ்வளவு சந்தோஷமான முகம் இல்லை; அந்த நேரம் கமரா என்ரை கையிலை இல்லை.

பிள்ளை கேக்கவேண்டாம் எண்டது உண்மைதான். ஆனால் நான் கேக்கேல்லை, எழுதுறன். செபநாயகம், நீர் செய்தது சரியோ? வந்த மனிசன் முன்னுக்கு வந்து ஒரு வாங்கிலை இருந்தால் உம்மடை கௌரவம் எவ்வளவு குறைஞ்சிருக்கும்? மகள் கலியாணத்திலை கள்ளன் மாதிரிப் பின்கதவடியிலை நிண்டு பாத்திட்டு, வீட்டை போய்ப் படலையையும் கொழுவிக்கொண்டு இருக்கிறதுக்கு என்ன பேர்? வராத மனிசன் எண்டு இவ்வளவு நாளும் ஊரெல்லாம் உம்மைப் பேசவிட்டனீர். நானும் பேசினனான், கொஞ்சம் கூடவே பேசினனான், அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். ஆனால் ஒண்டு சொல்லவேணும். அந்தப் படத்திலை சபை முழுக்க அசைஞ்சு கலங்கி நிக்குது. போதகர் ஐயாவுக்கே ரெண்டு மூக்கு. அவ்வளவு நேரமும் இம்மியும் அசையாமல் நிண்டது நீர் ஒருத்தர்தான். அதைப் பாத்துத்தான் எனக்கு உம்மை ஐமிச்சமில்லாமல் அடையாளம் தெரிஞ்சுது. பிடிவாதத்திலை உம்மை மாதிரி விறைச்சு நிக்க இந்தப் பகுதியிலை வேறை ஆளில்லை.

ஆனபடியால் மறுக்கவேண்டாம். மறுத்தாலும் எடுபடாது. புள்ளி இடம் மாறும், உண்மை மாறாது எண்டு கனடாவிலை படிச்ச என்ரை மகனே சொல்லிப்போட்டான். பிரகாஸ் அந்தப் படத்தைப் பெரிசாப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடிச்சுக் குடுத்திட்டான். இந்த முறை குண்டுமணியைத் தொடவேண்டாம் எண்டு நான் பக்கத்திலை கதிரை போட்டு இருந்தனான். நாளைக்குச் சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையும் மருமகனும் நாகேஸ்வரி அம்மாவும் அதைக் கொண்டு உம்மடை வீட்டை வருகினம். நாகேஸ்வரி அம்மா உமக்கெண்டு பெரிய மீனொண்டு சொல்லி வைச்சிருக்கிறா. படலைக் கொழுக்கியைக் கழட்டிவிடும். நாயைக் கட்டும். முகத்தைக் கொஞ்சம் இளக்கி வைச்சிரும். வேறை ஒண்டும் நீர் செய்யவேண்டாம், பிள்ளை ஒண்டும் கேக்கமாட்டாள்.

உமது வீட்டு வாசலிலும் உள்ளத்திலும் சமாதானத்தின் தேவன் தங்கியிருப்பாராக. உமது கத்தரி காய்க்கட்டும், கிணறு நிரம்பட்டும், உமது இரத்த அழுத்தம் இறங்கட்டும். மார்கிரட் தன் அண்ணைக்கு அன்பைத் தெரிவிக்கச் சொன்னா. தானும் கொஞ்சம் கூடப் பேசிவிட்டதாகவும் சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
என்றும் உமது நலம் விரும்பும் மைத்துனன்,
தே. தேவராஜா
(ஓய்வுபெற்ற அஞ்சல் அதிபர்)

பி.கு: இதை மடிச்சு உறையிலை போட்ட பிறகு மார்கிரட் தேவாலயத்திலை இருந்து வந்தா. ஞாயிற்றுக்கிழமைக்குப் பூ வைக்கிறதுக்குப் போனவ, பூச்சாடியைக் கழுவப் பின்கதவாலை போயிருக்கிறா. கதவுக்குப் பக்கத்துச் சுவரிலை ஒரு ஆணி இருக்காம். தேவாலயத் தோட்டம் பாக்கிற கதிரவேலு மழைக்கோட்டை அதிலைதான் கொழுவுறவராம், அதுக்கு மேலை தொப்பியையும். மழை நாளெண்டால் எப்பவும் அது அங்கைதான் தொங்குமாம். ஆணி ஒரு பக்கம் வளைஞ்சிருக்கு. அதுதான் உங்கடை பரம்பரைத் தோள். நான் படத்தைத் திரும்ப எடுத்துப் பாத்தன். கால் இல்லை, மச்சான். தோளைப் பாத்தம், தொப்பியைப் பாத்தம், நாங்கள் ஒருத்தரும் கால் இருக்கோ எண்டு பாக்கேல்லை.

ஆகவே மேலே நான் உம்மீது சுமத்திய குற்றங்கள் அனைத்தையும் மீளப்பெறுகிறேன். நீர் வரேல்லை. வரமாட்டன் எண்டு சொன்னனீர், அப்பிடியே வரேல்லை, சொல்லைக் காப்பாத்தினனீர். நான் கேட்ட மன்னிப்பையும் திருப்பி எடுக்கிறன்.

நிமலினிக்கு இதைச் சொல்லுவமெண்டு ரெலிபோன் எடுத்தன். கடல் கொந்தளிப்பெண்டு பிரவீணனுக்கு இண்டைக்கு வேலை இல்லையாம், நாளைக்கு மட்டும் பொறுக்கமாட்டாமல் இண்டைக்கே வான் ஒண்டு பிடிச்சு வெளிக்கிட்டிட்டினம். படம் மடியிலை இருக்காம். மீன் பின்னுக்கு இருக்காம். "அப்பாவுக்கு என்ன மாமா பிடிக்கும், சட்டத்தை எந்தச் சுவரிலை கொழுவலாம்?" எண்டு கேட்டாள்.  கோட்டுக் கதையைச் சொல்லாமல், முன்னறைச் சுவர் நல்லது எண்டு சொல்லி வைச்சிட்டன்.

பிரகாஸ் மோட்டார்சைக்கிளிலை இந்தக் கடிதத்தோடை வாறான், அவைக்கு முந்தி வந்திடுவான். அவன்ரை கையிலை ஒரு சொப்பிங் பையும் இருக்கு. அதுக்குள்ளை கதிரவேலுவிட்டைக் கடன் வாங்கின கோட்டும் தொப்பியும். உம்மடை வாசலிலை, உள்ளை வாறவையின்ரை கண்ணிலை படுறமாதிரிக் கொழுவிவிடும். நீர் பொய் சொல்லத் தேவையில்லை, ஒருத்தரும் உம்மை ஒண்டும் கேக்கமாட்டினம். கோட்டுக் கை உமக்குக் கொஞ்சம் நீளம், அதைப் போட்டுக் காட்டவேண்டாம். கடிதத்தைக் குசினி அடுப்பிலை போட்டு எரிச்சுவிடும். கோட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல், நீரே தேவாலயத்துக்குக் கொண்டுவந்து தாரும், கதிரவேலு நனையிறார்.